டேப்லெட்டுக்குள் ஒரு 486: பழைய டாஸ் கேம்களை எமுலேட்டரில் ஓட்டுவது

விண்டோஸ் பரவுவதற்கு முன்பு கம்ப்யூட்டர்களை இயக்கிய டாஸ் என்ற இயங்குதளத்துக்கு 1990-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா கேமின் ஃபோல்டரை அப்படியே உங்கள் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் காப்பி செய்து, உள்ளே இருக்கும் இஎக்ஸ்இ ஃபைலைத் தட்டிப் பாருங்கள். ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வரும். ஐபேடிலும் இதே நிலைதான். ஃபைலில் கோளாறு எதுவும் இல்லை. டேப்லெட்டிலும் குறை இல்லை. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் இதன் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். அவற்றைப் பேச வைக்கும் வேலையைச் செய்வது எமுலேட்டர்.

இந்தக் கட்டுரை டாஸ் கேம்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. 90-களில் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஃபிளாப்பி ஃபிளாப்பியாகக் கைமாறிய பிரின்ஸும் டேஞ்சரஸ் டேவும் டூமும் இந்த வகைதான். எமுலேட்டர் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பிறகு வரும் சிக்கல்களில் பாதியை நீங்களே சரிசெய்துவிடலாம். புரியாமல் செட்டிங்குகளை மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்று சரியாகி இன்னொன்று கெடும்.

ஏன் நேரடியாக ஓடாது

முதல் காரணம் ப்ராசஸர். டாஸ் கேம்கள் இன்டெல்லின் எக்ஸ்86 வகை ப்ராசஸர்களுக்கான (8088, 386, 486 போன்றவை) கட்டளைகளில் எழுதப்பட்டவை. டேப்லெட்டில் இருப்பது ஆர்ம் வகை. கூட்டு, கழி, இங்கிருந்து அங்கே நகர்த்து என்று இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான் என்றாலும் அந்த வேலைக்கான எண் குறியீடுகள் முற்றிலும் வேறு. ஒன்றின் ஃபைல் மற்றொன்றுக்கு வெறும் எண்குவியல்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இன்றைய ஆப் திரையில் ஏதாவது வரைய வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. டாஸ் கேம் யாரிடமும் கேட்காது. ஓட்டலில் சர்வரிடம் சொல்லாமல் நேராக அடுப்படிக்கே போய்த் தோசை ஊற்றிக்கொள்பவர் மாதிரி, வீடியோ கார்டிலும் சவுண்ட் கார்டிலும் நேரடியாகக் கை வைக்கும். அந்த அடுப்படியே டேப்லெட்டில் கிடையாது.

திரையை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். 320 புள்ளி அகலம், 200 புள்ளி உயரம், 256 வண்ணம்: 90-களின் முற்பாதியில் வந்த டாஸ் கேம்களில் ஏராளமானவை இந்த விஜிஏ முறையில்தான் படம் காட்டின. மொத்தம் 64,000 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பைட். கம்ப்யூட்டரின் மெமரியில் 640 கேபி முடியும் இடத்தில், 6,55,360 என்ற முகவரியில் தொடங்கி, இந்த 64,000 பைட்டும் வரிசையாக நிற்கும். வரிசை எண் 100, புள்ளி எண் 160, அதாவது திரையின் நட்டநடுவைச் சிவப்பாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் 100-ஐ 320-ஆல் பெருக்கி 160-ஐக் கூட்டும், 32,160 வரும். அதோடு 6,55,360-ஐச் சேர்த்தால் 6,87,520. அந்த முகவரியில், வண்ணப் பட்டியலில் சிவப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அந்த எண்ணை எழுதிவிடும். வரைவது முடிந்தது. விஜிஏ கார்டு அந்த மெமரிப் பகுதியை நொடிக்கு 70 முறை படித்து மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

எமுலேட்டர் இந்த அடுப்படியை மென்பொருளிலேயே கட்டுகிறது. டேப்லெட்டின் மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கி, 'இதுதான் 6,55,360-இல் தொடங்கும் இடம்' என்று கேமை நம்பவைக்கிறது. கேம் எழுதுகிற ஒவ்வொரு எண்ணையும் வண்ணப் பட்டியலில் தேடி, உரிய நிறத்தை எடுத்து, டேப்லெட் திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கி வரைகிறது. ஒலியும் அப்படித்தான். 1987-இல் வந்த ஆட்லிப் கார்டில் யமஹாவின் ஒய்எம்3812 என்ற சிப் இருந்தது. கேம் அந்தச் சிப்புக்கு அனுப்பும் எண்களை எமுலேட்டர் பிடித்து, சிப் எந்த அலையை உருவாக்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதை டேப்லெட்டின் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. கீபோர்டு, மவுஸ், ஜாய்ஸ்டிக், டைமர் என எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு.

கேமுக்குத் தான் டேப்லெட்டில் ஓடுகிறோம் என்பது கடைசிவரை தெரியாது. இதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

மொழிபெயர்ப்பின் இரண்டு வழிகள்

வடநாட்டுத் தலைவர் ஒருவர் இங்கே பொதுக்கூட்டத்தில் பேசுகிறார். பக்கத்தில் நிற்பவர் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்கிறார். எமுலேட்டரின் எளிய வழி இதுதான். கேமின் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, என்னவென்று பார்த்து, ஆர்ம் ப்ராசஸரில் செய்து முடித்து, அடுத்ததற்குப் போகும். நம்பகமானது, ஆனால் மெதுவானது. பழைய கட்டளை ஒன்றுக்குப் புதிய ப்ராசஸர் பத்து, இருபது கட்டளைகளை ஓட்ட வேண்டிவரும்.

அந்தத் தலைவர் எல்லா ஊரிலும் ஒரே பேச்சைப் பேசுகிறார் என்றால், மொழிபெயர்ப்பாளர் அதை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ஊரில் படித்துவிடலாம். இரண்டாவது வழி அது. கேமில் அடிக்கடி ஓடும் பகுதிகளை மொத்தமாக ஆர்ம் கட்டளைகளாக மாற்றிச் சேமித்துவைத்து, மறுமுறை நேரடியாக ஓட்டுவது. டாஸ்பாக்ஸ் என்ற டாஸ் எமுலேட்டரின் செட்டிங்கில் 'கோர்' என்ற இடத்தில் 'நார்மல்', 'டைனமிக்' என்று பார்ப்பீர்கள். முதல் வழி நார்மல், இரண்டாவது வழி டைனமிக்.

ஐபேடுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய கட்டளைகளை உருவாக்கி ஓட்ட ஆப் ஸ்டோர் ஆப்களுக்கு ஆப்பிள் அனுமதி தருவதில்லை. அதனால் ஐபேடில் டைனமிக் வழி கிடைக்காது. 80-களின் கேம்களுக்கும் 90-களின் தொடக்கத்துக் கேம்களுக்கும் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. 1995-க்குப் பிந்தைய கனமான முப்பரிமாண கேம்களில்தான் தடுமாற்றம் தெரியும்.

எந்த ஆப்

டாஸ் எமுலேட்டர்களில் பெயர்பெற்றது டாஸ்பாக்ஸ். 2002 முதல் வருகிறது, இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. டாஸையும் கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் பயாஸையும் அது தானே செய்துகொள்கிறது. மைக்ரோசாஃப்டின் டாஸை எங்கிருந்தாவது தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. டேப்லெட்டில் கிடைக்கும் டாஸ் ஆப்களில் பெரும்பாலானவை டாஸ்பாக்ஸையே உள்ளே வைத்து, மேலே தொடுதிரைக்கான வசதிகளைச் சேர்த்தவை.

ஆண்ட்ராய்டில் இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று மேஜிக் டாஸ்பாக்ஸ். திரையில் எந்த இடத்தில் எந்த பட்டன், என்ன அளவில் இருக்க வேண்டும் என்று கேமுக்குக் கேம் தனியாக அமைத்துக்கொள்ளலாம். தொடுதிரையில் மட்டுமே ஆடப்போகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். இன்னொன்று பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க் ஆப்பும் அதற்குள் டாஸ்பாக்ஸ் ப்யூர் என்ற கோரும் (ரெட்ரோஆர்க்கில் ஒவ்வொரு எமுலேட்டருக்கும் கோர் என்று பெயர்). ப்யூர், ஜிப் ஃபைலைப் பிரிக்காமலே திறக்கும், கமாண்ட் எதுவும் டைப் செய்யச் சொல்லாது, கேம்பேடின் பட்டன்களைத் தானே பொருத்திப் பார்க்கும். ப்ளூடூத் கேம்பேடு இருப்பவர்களுக்கு இதுவே வசதி.

ஐபேடில் 2024-க்கு முன் இதற்கு நிலையான வழி இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் தன் விதிகளைத் தளர்த்தி கன்சோல் எமுலேட்டர்களை அனுமதித்தது. சில மாதம் கழித்து பழைய கம்ப்யூட்டர் எமுலேட்டர்களும் உள்ளே வந்தன. இப்போது ஐடாஸ் 3, ரெட்ரோஆர்க் இரண்டும் ஆப் ஸ்டோரிலேயே கிடைக்கின்றன.

மவுஸால் சுட்டிச் சுட்டி ஆடும் சாகசக் கதை கேம்கள் உங்கள் விருப்பம் என்றால் டாஸ்பாக்ஸை விட்டுவிட்டு ஸ்கம்விஎம் ஆப்புக்குப் போங்கள். அது பழைய கம்ப்யூட்டரைப் போல நடிப்பதில்லை. அந்த கேம்களின் இஎக்ஸ்இ செய்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, படம், ஒலி, கதைக் குறிப்பு அடங்கிய டேட்டா ஃபைல்களை மட்டும் படிக்கிறது. அதனால் வேகச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை, பேட்டரியும் குறைவாகத்தான் செலவாகும். விரலும் மவுஸ் சுட்டியும் ஒத்துப்போவதால் டேப்லெட்டில் மிக இயல்பாக ஆடக்கூடிய பழைய கேம்கள் இவைதான்.

கேம் எங்கே கிடைக்கும்

கடையில் இப்போது விற்கவில்லை என்பதற்காக ஒரு கேம் பொதுச்சொத்தாகிவிடாது. இந்தியச் சட்டப்படி கம்ப்யூட்டர் ப்ரோகிராமும் இலக்கியப் படைப்புதான். அதை எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. எமுலேட்டர் வைத்திருப்பதில் எந்தத் தவறும் இல்லை. கேம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

முறையாகக் கிடைப்பவையே ஏராளம். ரெவல்யூஷன் நிறுவனத்தின் 1994-ஆம் ஆண்டு கேமான பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003-லிருந்து இலவசம். ஸ்கம்விஎம் தளத்திலேயே இருக்கிறது. விமானச் சுடும் கேமான டைரியன் 2004-இல் இலவசமானது. தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் முதல் இரண்டு கேம்களான அரீனாவும் டாகர்ஃபாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. டூம், கமாண்டர் கீன் போன்றவற்றின் முதல் பகுதி ஷேர்வேராக, அதாவது ஆடிப் பார்க்க இலவசமாக, வந்தது. அதை அன்றும் தாராளமாகப் பகிரலாம், இன்றும் பகிரலாம். காசு கொடுத்து வாங்க ஜிஓஜி தளம் இருக்கிறது. அங்கே விற்கும் டாஸ் கேம்களில் பல, டாஸ்பாக்ஸோடு சேர்த்தே வருகின்றன.

ஜிஓஜியில் கிடைப்பது விண்டோஸ் இன்ஸ்டாலர் என்பதால், அதை ஒரு கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டு, கேம் ஃபோல்டரை டேப்லெட்டுக்குக் காப்பி செய்ய வேண்டும். அந்த ஃபோல்டரில் டாஸ்பாக்ஸ் என்றே ஓர் உள்ஃபோல்டர் இருந்தால் அது டேப்லெட்டில் பயன்படாது, விட்டுவிடலாம். ஆனால் கான்ஃப் என்று முடியும் ஃபைலை நோட்பேடில் திறந்து கடைசிப் பகுதியைப் பாருங்கள். எந்த ஃபோல்டரை எந்த டிரைவாக இணைக்க வேண்டும், எந்த இஎக்ஸ்இ-ஐ ஓட்ட வேண்டும், எவ்வளவு வேகம் என்று கேமைச் சோதித்தவர்கள் அங்கே எழுதி வைத்திருப்பார்கள். பல மணி நேரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும் ஃபைல் அது.

டூமை வைத்து ஒரு முழுச் சுற்று

1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த டூமின் ஷேர்வேர் பதிப்பை எடுத்துக்கொள்வோம். ஒன்பது மேப் கொண்ட முதல் எபிசோடு முழுவதும் அதில் உண்டு. டவுன்லோடு செய்யும் ஜிப்பில் பெரும்பாலும் கேம் நேராக இருக்காது. இன்ஸ்டாலரும் சுருக்கப்பட்ட டேட்டாவும்தான் இருக்கும்.

டேப்லெட்டின் ஸ்டோரேஜில் டாஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் டூம் என்று இன்னொன்று. ஜிப்பைப் பிரித்து இந்த டூம் ஃபோல்டரில் போடுங்கள். பெயர்களை ஆங்கிலத்தில், எட்டு எழுத்துக்குள், நடுவே இடம் விடாமல் வையுங்கள். டாஸுக்கு அதற்குமேல் நீண்ட பெயர் தெரியாது. முதல் ஆறு எழுத்தும் ஒரு நெளிகோடும் ஓர் எண்ணுமாக வெட்டிக் காட்டும். ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஆப்கள் நினைத்த ஃபோல்டரையெல்லாம் படிக்க முடியாது. எமுலேட்டர் முதன்முறை ஃபோல்டருக்கு அனுமதி கேட்கும்போது இந்த டாஸ் ஃபோல்டரையே காட்டுங்கள். 'ஃபைல் இருக்கிறது, ஆப்பில் தெரியவில்லை' என்றால் முதலில் இந்த அனுமதியைத்தான் பார்க்க வேண்டும்.

மேஜிக் டாஸ்பாக்ஸில் புதிய கேம் சேர்க்கும்போது சி டிரைவாக இந்த டூம் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் போதும். சாதாரண டாஸ்பாக்ஸ் ஆப் என்றால் கறுப்புத் திரையில் டைப் செய்ய வேண்டும். மவுண்ட் என்று எழுதி, இடம் விட்டு சி, மறுபடி இடம் விட்டு ஃபோல்டரின் முழுப் பாதை, என்டர். அடுத்த வரியில் சி எழுத்தும் முக்காற்புள்ளியும், என்டர். இப்போது சி டிரைவுக்குள் இருக்கிறீர்கள். டிர் என்று அடித்தால் ஃபைல்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் பாதையில் எழுத்துப் பிழை.

இன்ஸ்டால் என்ற பேட்ச் ஃபைலை (கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) ஓட்டுங்கள். எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் என்று கேட்கும், சி போதும். முடிந்ததும் டூமை உடனே தொடங்காமல் அதே ஃபோல்டரில் இருக்கும் செட்டப் ப்ரோகிராமை ஓட்டுங்கள். புதியவர்கள் தவறவிடும் படி இதுதான். டாஸ் காலத்தில் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகச் சவுண்ட் கார்டைச் சொல்லித்தர வேண்டும். கேம் தானாகக் கண்டுபிடிக்காது. இசைக்கும் ஒலிக்கும் சவுண்ட் பிளாஸ்டர் என்று தேர்வு செய்யுங்கள். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த கார்டு அது. டாஸ் கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியும். போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். டாஸ்பாக்ஸ் தனக்குள் வைத்திருக்கும் பாவனைக் கார்டின் முகவரி இவைதான். ஐஆர்க்யூ-வில் 5 என்று கொடுத்தால் இசை வரும், துப்பாக்கிச் சத்தம் வராது; அல்லது ஒரு சத்தம் கேட்டவுடன் கேம் உறைந்து நிற்கும். காரணம் எளிது: இசை தனிச் சிப்பிலிருந்து வருகிறது, அதற்கு ஐஆர்க்யூ தேவையில்லை. துப்பாக்கிச் சத்தம் பதிவு செய்யப்பட்ட ஒலி. ஒரு துண்டு முடிந்தது, அடுத்ததை அனுப்பு என்று கார்டு கேமைத் தட்டிச் சொல்ல அந்த எண் வேண்டும்.

செட்டப்பை சேவ் செய்து வெளியே வந்து டூமை ஓட்டுங்கள்.

வேகம்: நிறையத் தவறுகள் நடக்கும் இடம்

டேப்லெட் எவ்வளவு வேகமோ அவ்வளவும் கொடுத்துவிட்டால் கேம் நன்றாக ஓடும் என்று தோன்றும். டாஸ் கேம்களுக்கு இது பொருந்தாது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 ப்ராசஸர் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்தக் காலத்துக் கேம்களில் பல, நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கவில்லை. ஒரு வெற்றுச் சுழற்சியை இத்தனை முறை ஓட்டினால் இவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருந்தன. ப்ராசஸர் பத்து மடங்கு வேகமானால் எதிரியும் பத்து மடங்கு வேகத்தில் பாய்வான். பழைய கம்ப்யூட்டர்களின் முகப்பில் இருந்த டர்போ பட்டனை அணைத்தால் வேகம் குறைந்ததே, அது இப்படிப்பட்ட ப்ரோகிராம்களுக்காகத்தான்.

டாஸ்பாக்ஸில் இந்த வேகத்தின் பெயர் சைக்கிள்ஸ். ஒரு மில்லிநொடிக்கு எத்தனை கட்டளைகளை ஓட்ட வேண்டும் என்ற எண் அது. 3,000 என்றால் நொடிக்கு 30 லட்சம் கட்டளைகள். டாஸ்பாக்ஸ் ப்யூர் இதை ஆண்டுவாரியாகவே பட்டியலிட்டுத் தருகிறது. அந்தப் பட்டியலின்படி 8088-க்கு ஏறத்தாழ 300, 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு 7,800, 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு 26,800, 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு 77,000. கேம் வெளிவந்த ஆண்டைப் பார்த்து, அந்த ஆண்டில் நல்ல கம்ப்யூட்டர் என்று எது இருந்ததோ அதன் எண்ணைக் கொடுங்கள். டூம் 386-இலும் தொடங்கிவிடும்; ஆனால் அதன் உச்ச வேகமான நொடிக்கு 35 படத்தை நெருங்க 486 வேண்டும். 26,800-இல் ஆரம்பித்து, இழுப்பது போலிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கீபோர்டு இருந்தால் கன்ட்ரோலும் எஃப்12-ம் கூட்டும், கன்ட்ரோலும் எஃப்11-ம் குறைக்கும்.

ஒன்றும் மாற்றாமல் விட்டால் 'ஆட்டோ' இருக்கும். எளிய கேம்களுக்கு 3,000. டூம் போல ப்ராசஸரின் 32 பிட் முறையைப் பயன்படுத்தும் கேம் என்று தெரிந்தால் முழு வேகம். இது பல சமயம் சரியாக இருக்கும், சில சமயம் இரண்டு பக்கமும் தவறும். 1983-இன் கேமுக்கு 3,000 மிக அதிகம். 1992-இல் வந்த, 32 பிட்டைத் தொடாத விஜிஏ கேமுக்கு அது போதாது.

முழு வேகத்தை ஏன் எப்போதும் வைக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் டேப்லெட்டின் உடல். மேக்ஸ் என்று வைத்தால் ப்ராசஸரின் ஒரு கோர் இடைவிடாமல் உச்சத்தில் ஓடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முதுகு சுடும். சூட்டைத் தணிக்க டேப்லெட் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதுவரை நன்றாக ஓடிய கேம் திடீரென்று திணறும், ஒலி பொரியும். ஒரு நிலையான எண்ணைக் கொடுத்தால் சூடும் இல்லை, பேட்டரியும் நீடிக்கும். ஒலி கரகரவென்று பொரிந்தால் பலரும் சவுண்ட் செட்டிங்கைத் தேடுவார்கள். அங்கே போகுமுன் சைக்கிள்ஸைக் குறைத்துப் பாருங்கள். டேப்லெட்டால் முடியாத எண்ணைக் கொடுத்திருந்தால் அடுத்த ஒலித் துண்டைக் கணக்கிட அதற்கு நேரம் கிடைக்காது. அந்த இடைவெளிதான் பொரிகிறது.

'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி ஒரு கேம் தொடங்காமலே விழுந்தால் அதுவும் வேகத்தின் வேலைதான். டர்போ பாஸ்கல் என்ற ப்ரோகிராமிங் கருவியில் எழுதிய ப்ரோகிராம்கள் தொடக்கத்தில் ப்ராசஸரின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் செய்யும். வேகம் அளவுமீறினால் விடை அதற்குரிய இடத்தில் கொள்ளாது. சைக்கிள்ஸைக் குறைத்துத் தொடங்குங்கள்.

படம் சப்பையாகத் தெரிந்தால்

320-க்கு 200 என்பது அகலமான வடிவம். ஆனால் அன்றைய மானிட்டர் 4:3. அதே 200 வரிசைகளை உயரவாக்கில் இழுத்து நிரப்பித்தான் காட்டியது; ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். ஓவியர்களும் அதைப் பார்த்தே வரைந்தார்கள். எமுலேட்டரில் 'ஆஸ்பெக்ட்' திருத்தம் அணைந்திருந்தால் வட்டம் தட்டையாகும், மனிதர்கள் குட்டையாவார்கள். அதை இயக்கிவிடுங்கள்.

1920-க்கு 1200 திரை கொண்ட டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். 4:3 படம் அதில் 1600-க்கு 1200 ஆக நிற்கும். 320 ஐந்து மடங்கானால் 1600, 200 ஆறு மடங்கானால் 1200. ஒவ்வொரு பழைய புள்ளியும் மிகச்சரியாக 5-க்கு 6 புள்ளியாக விழுவதால் படம் கத்தி போலத் தெளிவாக இருக்கும். இருபக்கமும் மிஞ்சும் 160 புள்ளிக் கறுப்புப் பட்டையை நிரப்ப நினைக்காதீர்கள். கட்டைவிரல் பட்டன்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மற்ற அளவுத் திரைகளில் மடங்கு முழு எண்ணாக வராது. சில வரிசைகள் தடித்தும் சில மெலிந்தும் தெரிந்தால் 'பைலீனியர்' ஃபில்டரை இயக்குங்கள். கொஞ்சம் மங்கும், ஆனால் ஒரே சீராக இருக்கும்.

விரலும் கீபோர்டும்

தொடுதிரையின் மெய்நிகர் கீபோர்டை வைத்து ஆட முயலாதீர்கள். பாதித் திரையை மறைக்கும், இரண்டு கீயைச் சேர்த்து அழுத்துவதும் கடினம். கேமுக்குத் தேவையான நாலைந்து கீ எவை என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் பட்டன் வையுங்கள்.

பிரின்ஸையே உதாரணமாக எடுப்போம். நான்கு அம்புக்குறி, ஷிஃப்ட், இவ்வளவுதான் கீகள். ஆனால் வலது பக்கம் தாவ மேல் அம்பையும் வலது அம்பையும் ஒன்றாக அழுத்த வேண்டும்; தாவியபின் விளிம்பைப் பற்ற ஷிஃப்டைப் பிடித்திருக்க வேண்டும். கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடிமானம் தெரியாது, ஒரு கணம் பிந்தினால் பள்ளத்தில் விழுவான். இந்த கேம் எண் பேடின் 9-ஐ வலது தாவலாகவும் 7-ஐ இடது தாவலாகவும் ஏற்கும். இடது கட்டைவிரல் பக்கம் அம்புக்குறிகளுக்கு மேலே இந்த இரண்டையும் தனிப் பட்டன்களாக வைத்து, வலது கட்டைவிரலுக்குப் பெரிய ஷிஃப்ட் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டால் கேம் கைக்குள் வந்துவிடும். ஷிஃப்ட் பட்டன் மூன்று செ.மீ. அகலமாவது இருக்கட்டும்.

மவுஸ் கேம்களில் இரண்டு முறை உண்டு. தொட்ட இடத்துக்கே சுட்டி தாவுவது ஒன்று, லேப்டாப்பின் டச்பேடு போல விரலை நகர்த்திய அளவு சுட்டி நகர்வது மற்றொன்று. முதலாவதில் சுட்டி விரலுக்கு ஒரு விரற்கடை தள்ளியே நிற்கிறது என்றால், கேம் தன் சுட்டிக்குத் தனி வேகம் வைத்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது முறைக்கு மாறிவிடுங்கள்.

வெளிக் கீபோர்டு இணைத்தால் எஸ்கேப் கீயைச் சோதியுங்கள். சில ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் அதை 'பேக்' என்று எடுத்துக்கொண்டு ஆப்பையே மூடப் பார்க்கும். எமுலேட்டரின் கீ அமைப்பில் வேறொரு கீக்கு எஸ்கேப்பைக் கொடுத்துவிடலாம். ஹெட்போன் விஷயத்தில் கம்பி உள்ளதே நல்லது. ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். சுட்டபின் சத்தம் கேட்பது தெளிவாகவே தெரியும்.

சில செய்திகளும் அவற்றின் பொருளும்

'பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்' என்று வந்தால் ஃபைல் கெடவில்லை. ஃபைலைச் சுருக்கிய பழைய கருவியில் இருந்த பிழை, மெமரியின் தொடக்கத்தில் முதல் 64 கேபி காலியாக இருக்கும்போது மட்டும் வெளிப்படும். அக்காலக் கம்ப்யூட்டர்களில் அந்த இடம் டாஸாலும் டிரைவர்களாலும் நிரம்பியிருந்ததால் தெரியாமலே போனது. லோட்ஃபிக்ஸ் என்று அடித்து, இடம் விட்டு கேமின் பெயரை அடியுங்கள். அந்த 64 கேபியை நிரப்பிவிட்டு கேமைத் தொடங்கும்.

'இந்த ப்ரோகிராமை டாஸ் முறையில் ஓட்ட முடியாது' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால் அது டாஸ் கேமே இல்லை, விண்டோஸ் கேம். அதற்கு வேறு கருவிகள் வேண்டும். தொடக்கநிலையில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

'சிடி-ராமைக் காணோம்' என்றால் சிடியின் முழு நகலான இமேஜ் ஃபைலை டி டிரைவாக இணைக்க வேண்டும். க்யூ, பின் என்று இரண்டு ஃபைல் இருந்தால் இம்ஜ்மவுண்ட் கமாண்டில் க்யூவைக் காட்டுங்கள். இசைத் தடங்கள் எங்கே தொடங்குகின்றன என்ற தகவல் அதில்தான் இருக்கிறது. க்யூ வெறும் எழுத்து ஃபைல், உள்ளே பின் ஃபைலின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பின்னுக்குப் பெயர் மாற்றினால் க்யூவைத் திறந்து அங்கேயும் மாற்ற வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட.

சில கேம்கள் கையேட்டைக் கேட்கும். பிரின்ஸின் முதல் நிலை முடிந்ததும் வரும் அறையில், கையேட்டில் குறிப்பிட்ட பக்கத்தில் உள்ள சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குடுவையைக் குடிக்க வேண்டும், தவறினால் உயிர்பலம் குறையும். முறையாக வாங்கும் பதிப்புகளில் பெரும்பாலும் கையேட்டின் பிடிஎஃப் கூடவே வரும். அதையும் டேப்லெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சேவ் செய்வது

போன் வந்தது, ஆப்பை மாற்றினீர்கள், திரும்பி வரும்போது கேம் முதலிலிருந்து தொடங்குகிறது. மெமரி போதாதபோது ஆண்ட்ராய்டும் ஐபேடும் பின்னால் இருக்கும் ஆப்பை மூடிவிடும். ஆகவே வேறெங்கும் போகுமுன் கேமுக்குள்ளேயே சேவ் செய்யுங்கள். பிரின்ஸில் மூன்றாம் நிலையிலிருந்துதான் சேவ் உண்டு; கன்ட்ரோலும் ஜி-யும் சேர்த்து அழுத்த வேண்டும், திறக்க கன்ட்ரோலும் எல்-லும். ரெட்ரோஆர்க்கில் எந்தக் கணத்தையும் அப்படியே உறையவைக்கும் சேவ் ஸ்டேட் வசதியும் உண்டு. ஆனால் கோரின் புதிய பதிப்பு வந்தபின் பழைய சேவ் ஸ்டேட் திறக்காமல் போகலாம். கேமின் சொந்தச் சேவுக்கு அந்த ஆபத்து இல்லை.

டாஸ்பாக்ஸ் ப்யூரில் ஜிப்பிலிருந்து ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது உங்கள் ஜிப்பைத் தொடாது. சேவ், செட்டப் மாற்றம் எல்லாவற்றையும் சேவ்ஸ் ஃபோல்டரில் தனி ஜிப்பாக வைக்கும். டேப்லெட் மாற்றும்போது கேம் ஜிப்பை மட்டும் எடுத்துப் போனால் ஆட்டம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்; அந்த இரண்டாவது ஜிப்பையும் எடுங்கள்.

மேஜிக் டாஸ்பாக்ஸிலும் ஐடாஸிலும் சேவ் ஃபைல்கள் கேம் ஃபோல்டருக்குள்ளேயே உருவாகும். டூமில் அவை ஆறு, டூம்சேவ் 0 முதல் 5 வரை, டிஎஸ்ஜி என்று முடிபவை. அதில் ஒன்றை எடுத்து ஃபிளாப்பியில் போட்டு, வீட்டுப் பரணில் இன்னும் உயிரோடு இருக்கும் உண்மையான 486-இல், அதே 1.9 பதிப்பு டூமின் ஃபோல்டருக்குள் வைத்தால், டேப்லெட்டில் நிறுத்திய இடத்திலிருந்து அந்த கம்ப்யூட்டரில் ஆட்டம் தொடரும். ஃபைலில் டேப்லெட்டின் அடையாளம் எதுவும் இருக்காது.